தலைசிறந்த பாடகர் யார்? திருவனந்தபுரத்தின் பழைய வழக்கு

பாடகர்களுள் தலைசிறந்தவர் யார் என்னும் கேள்வி எந்நாட்டிலும் எளிதில் தீர்ந்ததில்லை. அமெரிக்காவில் வெளியாகும் ரோலிங் ஸ்டோன் என்னும் பத்திரிகை, தலைசிறந்த பாடகர்களை வரிசைப்படுத்தி 2008-ஆம் ஆண்டில் ஒரு பட்டியலும், 2023-ஆம் ஆண்டில் மற்றொரு பட்டியலும் வெளியிட்டது. இருமுறையும் முதலிடம் அரீதா பிராங்ளின் என்னும் அம்மையாருக்கே கிடைத்தது. இரண்டாம் பட்டியலில் 200 பேர் இருந்தும் செலின் டியானுக்கு இடமில்லையே என்று அவருடைய அபிமானிகள் பத்திரிகை அலுவலகத்தின் வாயிலுக்கே சென்று முழக்கமிட்டனர். இதனைக் கேட்டு நேயர்கள் நகைக்க வேண்டா. திருவனந்தபுரத்தில் இவ்வழக்கு சுவாதித் திருநாள் காலந்தொட்டு நடந்து வந்திருக்கிறது. அதில் அடிபட்ட பெயர்களுட் பல, நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்த தமிழரின் பெயர்களே.

சுவாதித் திருநாள் மகாராஜா 1829 முதல் 1846 வரை அரசாண்டவர். தாமே சாகித்திய கர்த்தா. அவருடைய சபைக்குத் தஞ்சையிலிருந்து மேருசுவாமி வந்தார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு வந்தார். பாலக்காட்டு நூரணியிலிருந்து பரமேசுவர பாகவதர் வந்தார். வடிவேலுவின் பிடில் வாசிப்பில் உளம் மகிழ்ந்த மன்னர் 1834-ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். மேல்நாட்டு வாத்தியமொன்று தென்னாட்டுச் சங்கீதத்தில் நிலைபெற்ற காலம் அது.

அச்சபையில் மலையாள நாட்டவரான ஷட்கால கோவிந்த மாராரும் இருந்தார். ஒரு பல்லவியை ஆறு காலங்களிற் பாடவல்லவர் என்பதனாலேயே அவருக்கு அப்பெயர் வந்தது. தம்புராவில் ஏழு தந்திகள். அதன் தலையில் மன்னர் அளித்த சிறு கொடி. அவர் திருவையாறு சென்று தியாகராஜ சுவாமிகளின் முன் பாடியதாகவும், அதனைக் கேட்டு வியந்த சுவாமிகள் மகான்கள் பலருக்கும் வணக்கம் கூறும் தம் கீர்த்தனத்தைப் பாடியதாகவும் ஒரு வரலாறு உண்டு. ஆராய்ச்சியாளர் எல்லோரும் இதனை ஒப்புவதில்லை. எனினும் இந்தக் கதையில் நமக்குப் பிடித்தது ஒன்றுண்டு. பெரியவர் யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதில் வரும் தியாகராஜர் ஒருவரைச் சுட்டவில்லை. பலரையும் சேர்த்துக் கும்பிட்டார்.

ஆயில்யம் திருநாள் ஆட்சியில், அதாவது 1860-க்கும் 1880-க்கும் இடையே, வழக்கு சூடு பிடித்தது. கோயம்புத்தூர் ராகவையர் என்னும் வித்துவான் இங்கே செல்வாக்குடன் விளங்கினார். அவருக்கு எதிராக வந்து பாடியவர் மகா வைத்தியநாதையர். 1844-இல் வையைச்சேரியிற் பிறந்த அவர், இந்நகருக்கு அதிகத் தொலைவில்லாத கல்லிடைக்குறிச்சியில், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் பாடி, 12 வயதிலேயே 'மகா' என்னும் பட்டம் பெற்றவர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுகிறது. ஆங்கிலத்திற்போல 'எல்லாரினும் மிக்கவர்' என்று காட்டும் தனி விகுதி தமிழில் இல்லை. எவரினும், எதில் என்று கூட்டிச் சொன்னால்தான் பொருள் தெளியும். சாரீரத்திலா, காலக்கணக்கிலா, இராக விரிவிலா, பக்தியிலா? கட்சி கட்டி வாதிடுவோர் பெரும்பாலும் இதைக் கேட்பதேயில்லை.

அவ்விரு வித்துவான்களின் குரலையும் இன்று எவரும் கேட்க இயலாது. இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு தொடங்கியது 1902-இல்; வைத்தியநாதையரோ 1893-இலேயே மறைந்தார். அவரைப் பற்றி உ. வே. சாமிநாதையர் எழுதிய நூல் உண்டு. 72 மேளகர்த்தா இராகங்களிலும் அமைந்த இராகமாலிகையும் உண்டு. ராகவையரைப் பற்றி அப்படியொரு நூலை எழுத உ. வே. சா. அகப்படவில்லை. ஆகவே பின்வந்தோரின் தராசில் ஒரு தட்டு முன்னமே தாழ்ந்துவிட்டது. பாடியவரின் பெருமையில் ஒரு பகுதி, கேட்டவர் ஏடும் எழுத்தாணியும் உடையவராய் இருந்ததைப் பொறுத்தது.

தமிழ்நாட்டு வித்துவான்களின் வரவு பிற்காலத்திலும் நிற்கவில்லை. 1939-இல் இங்கு நிறுவப்பட்ட சங்கீதக் கலாசாலைக்கு முதல் தலைவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாசையர் 1963 வரை அப்பொறுப்பில் இருந்தார். கரமனை அக்கிரகாரத்துத் திண்ணைகளில் இவர்களைப் பற்றி நடந்த வாதங்களுக்குக் கணக்கில்லை.

வாதமே கூடாதென்று விதித்த இடமும் இந்நகரில் உண்டு. கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலின் அருகே நவராத்திரி மண்டபம் இருக்கிறது. ஒன்பது இரவுக்கும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனங்கள் நியமமாக உள்ளன. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, இறுதி நாள் ஆரபி. பாட்டுச் சரஸ்வதிக்கு அர்ப்பணம் என்பதால் கேட்போர் கைதட்டுவதில்லை. யாருக்கு எவ்வளவு கரகோஷம் என்று அளந்து தீர்ப்புச் சொல்ல அங்கே வழியில்லை. நாம் மிக மதிக்கும் வழக்கம் இது.

ஆனால் அம்மண்டபம் ஒரு தீர்ப்பைப் பேசாமலேயே கூறிக்கொண்டிருந்தது. 2006 வரை அங்கே பெண்கள் பாட இடமில்லை. எம். எஸ். சுப்புலட்சுமி, டி. கே. பட்டம்மாள், எம். எல். வசந்தகுமாரி ஆகியோரைத் தென்னாடு முழுவதும் முதல் வரிசையில் வைத்துப் போற்றிய காலத்திலும் அம்மேடை அவர்களுக்குத் திறக்கவில்லை. மேடையே கிடைக்காதவரை நீக்கிவிட்டு, மேடை ஏறியவருள் பெரியவர் யார் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தோம்.

2006-ஆம் ஆண்டு நவராத்திரியில் அவ்வழக்கம் முடிவுற்றது. முதலில் பாடிய பெண்மணி பாறசாலை பொன்னம்மாள். சுவாதித் திருநாள் சங்கீதக் கலாசாலையில் சேர்ந்த முதல் மாணவி அவரே. பின்னர் அங்கேயே ஆசிரியையும் ஆனார். மண்டபத்தில் அவர் அமர்ந்தபோது வயது 81. எம். எஸ். மறைந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொன்னம்மாள் 2021-இல், தம் 96-ஆம் வயதில் காலமானார். அவர் பாடி முடித்த அன்றும், மண்டபத்தின் முறைப்படி, கரகோஷம் கிடையாது.