இலவசக் கல்வியும் வர்க்க வேறுபாடும்

பிரித்தானியாவில் தனியார் பாடசாலைக் கட்டணங்கள் மீது 2025 ஜனவரி 1ஆம் திகதி முதல் 20 சதவீதப் பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. அவ்வருமானத்தில் அரச பாடசாலைகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களை நியமிக்கலாம் என்பது தொழிற்கட்சி அரசாங்கத்தின் வாதம். சிக்கனமாக வாழ்ந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரையே இது தண்டிக்கிறது என்பது பழைமைவாதக் கட்சியின் மறுப்பு. ஈட்டன் கல்லூரி ஒன்றிலிருந்தே 20 பிரதமர்கள் வந்த நாட்டில், பாடசாலைக் கட்டணம் பற்றிய விவாதம் வர்க்கம் பற்றிய விவாதமாகவே அமைகிறது. எனினும் கட்டணப் பாடசாலைகளை ஒழிக்க அங்கு எந்த அரசாங்கமும் துணியவில்லை.

இலங்கை இவ்விடயத்தில் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்ததுடன், புதிய தனியார் பாடசாலைகளை ஆரம்பிப்பதும் தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில மட்டுமே தனியார் நிர்வாகத்தில் நீடித்தன.

ஆனால் முன்வாசலில் தடுக்கப்பட்ட வர்க்க வேறுபாடு பின்வாசல் வழியாக நுழைந்தது. கல்விச் சட்டத்தின்கீழ் அன்றி, கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற சர்வதேச பாடசாலைகள் ஆங்கில மொழிமூலக் கல்வியை விற்கின்றன. தனியார் வகுப்புகள் இரண்டாவது பாடசாலையாகிவிட்டன. பிரபல அரச பாடசாலைகளின் முதலாம் தர அனுமதியில், அருகில் வசிப்போருக்கு 50 சதவீதமும் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 சதவீதமும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. அப்பாடசாலையின் அருகே வீடு வாங்க வசதியுள்ளவருக்கும் அங்கு படித்த தந்தைக்குப் பிறந்தவருக்கும் கிடைக்கும் இவ்வாய்ப்பு பரம்பரைச் சொத்தைப் போன்றது.

இதன் மறுமுனையில் மாங்குளம் நிற்கிறது. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே ஏ9 வீதியில் அமைந்துள்ள இவ்வூர், 1990, 1998, 2008ஆம் ஆண்டுகளின் போர்களில் மீண்டும் மீண்டும் நிலைகுலைந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் முல்லைத்தீவு மாவட்டத்தவரும் அடங்குவர். புத்தளம் அகதி முகாம்களில் வளர்ந்த ஒரு தலைமுறையும், வன்னியில் இடம்பெயர்ந்து மரநிழலில் படித்த ஒரு தலைமுறையும் இழந்த கல்வி ஒன்றே. ஊர் திரும்பிய தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது எதிர்பார்ப்பது கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிலையான ஓர் ஆசிரியரையே.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கும் முறை இந்த ஏற்றத்தாழ்வை அரசே ஒப்புக்கொண்டதற்குச் சான்று. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வவுனியாவும் மன்னாரும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். ஆனால் இச்சலுகை உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவருக்கே பயன்படும். ஐந்தாம் தரத்திலேயே பின்தங்கியவருக்கு அதனால் பயனில்லை.

கஷ்டப் பிரதேச சேவையை முடித்து எப்போது இடமாற்றம் பெறலாம் என்று ஆசிரியர் எண்ணும் நிலை மாறவேண்டும். வதிவிட வசதி, போதிய மேலதிகப் படி, அப்பிரதேசத்தைச் சேர்ந்தவர்களுக்கே ஆசிரியர் பயிற்சியில் முன்னுரிமை ஆகியவை மாகாண, மத்திய அரசுகளால் செய்யக்கூடியவையே. கட்டணம் அறவிடாமை இலவசக் கல்வியின் தொடக்கம் மட்டுமே. கொழும்பிலும் மாங்குளத்திலும் ஒரே தரத்தில் ஆசிரியர் கிடைக்கும்போதே அது நிறைவுபெறும். மேடைகளில் இலவசக் கல்வியைப் போற்றிவிட்டுத் தம் பிள்ளைகளைச் சர்வதேச பாடசாலைகளுக்கு அனுப்பும் அரசியல்வாதிகளிடம் மக்கள் இதனைக் கேட்கவேண்டும்.