அப்பாவின் கீமோவும் கஞ்சா எண்ணெயும்

பட்டிப்பொலயில் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்றதும், ‘கஞ்சா எண்ணெய் கொடுத்துப் பாருங்க’ என்று லயத்திலேயே நாலு பேர் சொன்னார்கள். தேடிப் படித்தேன்.

கஞ்சா கட்டியைக் கரைக்கும் என்பது மனிதர்களில் நிரூபிக்கப்படவில்லை. கீமோ தரும் குமட்டலுக்குத்தான் பயன். ட்ரோனபினோல், நபிலோன் மாத்திரைகளை அமெரிக்கா 1985இல் அனுமதித்தது, அதுவும் வழக்கமான மருந்துகள் கேட்காதபோது. புகைப்பது நோயுற்ற நுரையீரலை மேலும் வதைக்கும். எண்ணெயிலுள்ள சிபிடி, ஈரல் மற்ற மருந்துகளை உடைப்பதைத் தடுத்து, அவற்றை இரத்தத்தில் தேங்கவைக்கலாம். ஆகவே வைத்தியருக்கு ஒளித்துக் கொடுக்கக்கூடாது.

இலங்கையில் கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ஆயுர்வேத மருந்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. கடைசியில் அப்பாவின் மூச்சுத்திணறலைத் தணித்தது குறைந்த அளவு மோர்பின். அதைக் கேட்கலாம் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.