வியன்னாவின் பெயர் தாங்கிய கல்கத்தா ஆட்டம்

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றியது என்று பெருமை பேசுகிறோம். ஆனால் நாம் பிழைக்க வந்த இந்தக் கொல்கத்தா, கல்கத்தாவாக இருந்த நாளில், இங்கே வாழ்ந்த ஒரு சதுரங்க மேதையை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? அவர் பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. வங்கத்துப் பிராமணர், ஐரோப்பிய விதிகளை அறியாமலே ஆடிப் புகழ் பெற்றவர்.

கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரேன் (1798–1878) என்ற ஸ்காட்லாந்துக்காரர் அக்காலத்துச் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். பானர்ஜி அவருடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். காக்ரேன் அவற்றைக் குறித்து வைத்ததனாலேயே பானர்ஜியின் பெயர் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் பழைய நாட்டுமுறை ஆட்டத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரே கட்டந்தான் செல்லும். ஆகவே நம்மவர் நடுக்கட்டங்களுக்கு முண்டியடிக்காமல், குதிரையின் முன்னிருந்த காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, கோணவழி செல்லும் மந்திரியை அவ்விடத்தில் அமர்த்தித் தூரத்திலிருந்தே குறிபார்ப்பர். நடுவைக் காலாட்களால் கைப்பற்றுவதே ஆட்டம் என்றிருந்த ஐரோப்பியர்க்கு இது விந்தையாகப் பட்டது. ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர் இவ்வழக்கத்தின் வழி வந்ததே.

1855-ஆம் ஆண்டு ஆட்டமொன்றில் பானர்ஜி கறுப்புக் காய்களை ஆடினார். முதலில் குதிரையை எடுத்தார். பின் மந்திரிக்கு வழி திறந்தார். மூன்றாம் நகர்வில் ராணியின் முன்னிருந்த காலாளை இரண்டு கட்டம் தள்ளி வெள்ளையின் நடுவையே எதிர்த்தார். இதற்கு இன்று பெரும்பாலோர் காலாளை வெட்டிவிட்டு நடுவில் பெரிய அணி வகுப்பர். காக்ரேன் அவ்வாறு செய்யாமல், ராஜாவின் காலாளை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி நிலையை உறுதி செய்துகொண்டார். இது ரயில்வே எழுத்தனான என் கண்ணுக்குக் கிளைப்பாதை, பிரதான பாதையன்று. ஆயினும் அதன்மேலும் வண்டிகள் இன்றுவரை ஓடுகின்றன. பானர்ஜி தளரவில்லை. காய்களை மாற்றிக்கொண்டு, எட்டாம் நகர்வில் மற்றொரு காலாளால் நடுவைத் தாக்கினார். மந்திரியின் நெடுங்கோணமும் அதே இலக்கை நோக்கியது. அதுவரை அவர் நிலையில் குறை காண்பதரிது.

பின்னர் அவர் ராணி இங்குமங்கும் அலைந்தது. பதினெட்டாம் நகர்வில் காக்ரேனின் குதிரை கறுப்பு ராஜாவின் வாயிற்காவலை வெட்டிற்று. ராஜா எப்பக்கம் ஒதுங்கினாலும் மூன்று நகர்வில் மேட். ஒரு வழியிலோ, வெள்ளை தன் ராணியையே பலியிட்டுக் குதிரையால் முடிக்கும் அழகான மேட்.

தோற்ற ஆட்டத்தின் தொடக்கத்தை யார் ஆராய்வர்? அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1922-இல், வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கிரூன்ஃபெல்டு (1893–1962) அதே மூன்றாம் நகர்வை ஆடினார். பிற்காலத்தில் உலக வீரரான அலெகைனையே அவ்வழியில் வென்றார். உலகம் அதற்கு ‘கிரூன்ஃபெல்டு தற்காப்பு’ என்று பெயர் சூட்டிற்று. அவர் அதனை விடாது ஆடி நிலைநாட்டியதால் அப்பெயரைப் பறிக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. ஆனால் பாடநூலின் அடிக்குறிப்பிலேனும் பானர்ஜிக்கு இடமளிப்பது நியாயம்.

2010-இல் சோபியா நகரில் டோபலோவுடன் உலகப் பட்டத்துக்கு மோதிய நம் விசுவநாதன் ஆனந்த், முதல் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் இதே தற்காப்பைத்தான் ஆடினார். முப்பது நகர்வில் தோற்றார். தொடர் முடிவில் ஆறரைக்கு ஐந்தரை என்ற கணக்கில் பட்டம் அவருக்கே நிலைத்தது.