கோழி வறுவலுக்குப் பின் வந்த ராட்டினம்

தீம் பார்க் என்றால் முதலில் ராட்டினம், பிறகுதான் சாப்பாடு. கலிபோர்னியாவில் பியூனா பார்க் ஊரிலுள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் கதையே தலைகீழ். பொருளாதார மந்தம் வாட்டிய 1934இல், பெர்ரி விவசாயி வால்டர் நாட் என்பவரின் மனைவி கார்டீலியா, தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளை எடுத்து எட்டுப் பேருக்குக் கோழி வறுவல் பரிமாறினார். சாப்பாடு 65 சென்ட். பிறகு கூட்டம் அலைமோதியது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று 1940இல் வால்டர் பழைய மேற்கத்திய ஊர் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வாங்கியது 1968இல்தான்!

வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும். நாலு பேர் வயிறார உண்ண 2 டாலர் 60 சென்ட்; இன்று பார்க்குக்குள் அந்தக் காசுக்குத் தண்ணீர் பாட்டில் கிடைத்தாலே பெரிது. நல்லவேளை, கோழிக்கடை இன்றும் வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. டிக்கெட் எடுக்காமலே சாப்பிடலாம். பக்கத்து ஊர் டிஸ்னிலேண்டில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள். ஆகவே அங்கே புளியோதரையும் உருளை வறுவலும். மிச்சம் பிடித்த காசு இங்கே கோழிக்கு. கடைசியில் வரும் பாய்சன்பெர்ரி இனிப்பில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டேன். வாடிக்கிடந்த அந்தச் செடியைப் பிழைக்கவைத்து விற்றவரே வால்டர்தானே.