வானொலிப் பெட்டியும் கல்முனைக் கரையும்

ஒலிபரப்பின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் நிலையத்தின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். எந்த ஆண்டில் நிலையம் திறக்கப்பெற்றது, எத்தனை கிலோவாற்று வலுவுள்ள கருவி நிறுவப்பெற்றது, யார் பணிப்பாளராய் விளங்கினார் என்பனவே அங்குப் பேசப்படுவன. ஆயினும் ஒலிபரப்பு இரு கரைகளையுடைய ஆறு போன்றது. அனுப்புவது ஒரு கரை. ஏற்பது மறு கரை. ஏற்கும் பெட்டியை மக்கள் எவ்வாறு தெரிந்தெடுத்தனர், எவ்வாறு நிறுவினர் என்பதை அறியாதவிடத்து வானொலியின் வரலாறு பாதி வரலாறேயாகும். தலைநகரிலிருந்து தொலைவில், கீழைக் கடலோரத்தில் அமைந்த கல்முனைக்குடி போன்ற ஊர்களுக்கோ இம்மறுகரையின் கதையே முதன்மையானது.

இலங்கையில் ஒலிபரப்பு தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் காண்போம். தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக 1921இல் இந்நாட்டுக்கு வந்தவர் எட்வேட் ஹாப்பர். கைப்பற்றப்பட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு அவரும் அவருடைய துணைவரும் ஒலிபரப்புக் கருவி ஒன்றை அமைத்தனர். 1923இல், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகள் சோதனையாக ஒலிபரப்பப்பட்டன. 1925 டிசம்பர் 16ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபேட் கொழும்பு வானொலியை முறையாகத் தொடக்கிவைத்தார். இங்கிலாந்தில் பி.பி.சி. தோன்றி மூன்றாண்டுகளே கழிந்திருந்த காலம் அது.

அந்நாளில் எளிய மனிதன் வாங்கக்கூடியதாயிருந்தது பளிங்குப் பெட்டி. கலீனா என்னும் ஈயக் கனிமத் துண்டொன்றின்மேல் மெல்லிய கம்பியின் நுனியைப் பொருத்தி அலையை ஒலியாக மாற்றுவது அது. இக்கனிமத்தின் பண்பினை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீச சந்திர போசு என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது. பளிங்குப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை, பெற்றறியும் வேண்டியதில்லை. வானிலிருந்து வரும் அலையின் வலுவே அதனை இயக்கும். அதனாலேயே நிலையத்துக்கு அருகில் இருப்போருக்கு மட்டுமே அது பயன்பட்டது. கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 220 கிலோமீற்றர் தொலைவு உண்டு. நடுவே மத்திய மலைநாடு எழுந்து நிற்கின்றது. இவ்விரண்டையும் கடந்து வரும் மெல்லிய அலை பளிங்குப் பெட்டிக்குப் போதாது. வந்த அலையைப் பெருக்கித் தரும் வால்வுப் பெட்டி இங்கு இன்றியமையாததாயிற்று.

வால்வுப் பெட்டியைத் தெரிந்தெடுப்பது எளிய செயலன்று. மின்சாரத்தில் இயங்குவதா, பெற்றறியில் இயங்குவதா என்பது முதல் வினா. மின்கம்பி எட்டாத ஊர்களில் இவ்வினாவுக்கு ஒரே விடைதான் இருந்தது. பெற்றறிப் பெட்டிக்கு வால்வைச் சூடாக்க ஒன்றரை வோல்ற்று வேண்டும். ஒலியைப் பெருக்கத் தொண்ணூறு வோல்ற்று வேண்டும். செங்கல் போற் கனத்த அப்பெற்றறி தீர்ந்தவுடன் புதியது வாங்கவேண்டும். ஆகவே பெட்டியின் விலை ஒருமுறை கொடுப்பது. பெற்றறியின் விலையோ ஓயாது கொடுப்பது. செய்தி கேட்டதும் பெட்டியை நிறுத்திவிடும் வழக்கம் கஞ்சத்தனத்தாலன்று, இக்கணக்கினாலேயே உண்டாயிற்று. இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. வட உறொடீசியாவில் 1949இல் ஏழை மக்களுக்கென ஐந்து பவுண் விலையில் ஒரு பெற்றறிப் பெட்டி வெளிவந்தது. சமையற் பாத்திரம் போன்ற வட்டக் கூட்டில் அமைந்தமையால் ‘சட்டிப் பெட்டி’ என்னும் பொருளில் அது பெயர் பெற்றது. அங்கும் பெற்றறியின் விலை தனியாகவே எண்ணப்பட்டது.

இரண்டாவது வினா, எந்த அலைவரிசைகளைப் பெட்டி ஏற்கும் என்பது. இவ்வினா பெருமை பெற்றது இரண்டாம் உலகப் போரின் பின்னராகும். தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் ‘றேடியோ சீயாக்’ கொழும்பிலிருந்து படைவீரருக்காக ஒலிபரப்பியது. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற்றுச் சிற்றலைக் கருவி போரின் பின் இலங்கைக்குக் கிடைத்தது. 1949இல் ‘றேடியோ சிலோன்’ என்னும் பெயர் எழுந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர் காலத்தில், 1952 அளவில், அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கியது. 1957இல் விவித பாரதி தோன்றும்வரை பாட்டு வேண்டிய இந்திய நேயர்கள் கொழும்பையே நாடினர். எஸ். பி. மயில்வாகனத்தின் தமிழ்க் குரல் இலங்கையிலும் தமிழகத்திலும் வீட்டுக் குரலாயிற்று.

சிற்றலையின் இயல்பு வியத்தற்குரியது. அது மேல்நோக்கிச் சென்று, வளிமண்டலத்தின் உச்சியிலுள்ள மின்னூட்டப் படலத்தில் மோதி, தொலைவிலுள்ள நிலத்திற் கீழிறங்கும். மோதுமுன் கடந்த இடைநிலம் சில வேளைகளில் அவ்வலையைக் கேளாமலே போகும். தொலைநாட்டுக்கென அனுப்பிய குரலை அயலூர் தெளிவின்றிக் கேட்பதற்கு இதுவே காரணம். மத்திய அலையோ நிலத்தைத் தழுவிச் செல்வது. கடல்நீரின்மேல் அது நெடுந்தொலைவு தளராது செல்லும். மலையும் வறண்ட நிலமும் அதனை மெலிவிக்கும். ஆதலின் கல்முனைக் கரையில் பெட்டி வாங்குவோன், மத்திய அலை ஒன்றையே ஏற்கும் மலிவான பெட்டியோடு அமைவது அறிவுடைமையன்று. சிற்றலையையும் ஏற்பதாய், பகலுக்கு ஒரு மீற்றர் வரிசையும் இரவுக்கு மற்றொன்றுமாக மாற்றிக் கேட்கத்தக்கதாய் உள்ள பெட்டியே அவனுக்கு உரியது.

ஒலிபரப்புவோர் கலையைப் பற்றிச் சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை 1954இல் எழுதினார். ஏற்கும் கலைக்கோ நூலில்லை. மக்கள் கையாலேயே அதனைக் கற்றனர். கூரைக்கு மேலே, இரண்டு தென்னைகளுக்கிடையே, நாற்பது ஐம்பது அடி நீளத்தில் ஏரியற் கம்பி கட்டப்படும். மரத்தையோ சுவரையோ அது தொடலாகாது. இரு முனையிலும் பீங்கான் குமிழ் இருத்தல் வேண்டும். நிலத்தில் இறங்கும் எர்த்துக் கம்பி உலர்ந்த மணலில் நின்றாற் பயனில்லை. கிணற்றடி ஈரம் வரை செல்லவேண்டும். கடற்காற்றின் உப்பு செப்புக் கம்பியிற் பச்சைக் களிம்பை ஏற்றும். ஆதலால் முனைகளை அடிக்கடி சுரண்டித் துலக்கவேண்டும். வடகீழ்ப் பருவமழை நெருங்கி மின்னல் தோன்றும் நாளில் ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி நிலத்தோடு இணைக்கவேண்டும். விலையுயர்ந்த பெட்டியைக் கவனமின்றி நிறுவியவனைக் காட்டிலும், எளிய பெட்டியை முறையாக நிறுவியவன் நன்கு கேட்டான் என்பதே இக்கலையின் சாரம்.

அன்று வானொலி தனிமனிதனின் உடைமை என்பதைவிட அயலாரின் பொதுவுடைமை என்பதே பொருந்தும். பெட்டி வைத்திருப்போர் அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்தது. அதற்கும் பணம் வேண்டும். எனவே பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையும் தேநீர்க் கடையுமே பலருக்குக் கேட்குமிடங்களாயின. மேற்கே வயலும் கிழக்கே கடலுமாய் வாழும் ஊர்களில், நெல்லின் விலை பற்றிய அறிவிப்பையும் வானிலைச் செய்தியையும் எழுத்தறியாதோரும் அறிய இது வழி செய்தது. எந்த நிலையத்தைத் திருப்புவது என்பதைப் பெட்டிக்காரர் முடிவு செய்தார் என்பதும், பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டனர் என்பதும் அப்பொதுமையின் குறைகளாம்.

நோன்பு மாதத்தில் வானொலியின் பயன் பன்மடங்காகும். அத்துடன் ஒரு நுட்பமும் உண்டு. கல்முனை கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ இரண்டு பாகை தீர்க்கரேகை தள்ளி அமைந்தது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாக, இங்குச் சூரியன் கொழும்பைவிட ஏறத்தாழ எட்டு நிமிடம் முந்தி உதித்து, முந்தி மறையும். கொழும்பு நேரத்தின்படி ஒலிக்கும் மாலைப் பாங்கை நம்பியிருந்தால் நோன்பு திறத்தல் எட்டு நிமிடம் தாமதமாகும். அதனாற் பெரிய இழுக்கில்லை. வைகறையிலோ நிலைமை வேறு. கொழும்பின் பாங்குக்காகக் காத்து உண்பவன், தன்னூரில் வைகறை புலர்ந்த பின்னரும் உண்பவனாகின்றான். ஆகவே குரல் தலைநகரிலிருந்து வரினும் நேரம் தன் ஊரினதே என்றறிந்து, பள்ளிவாசலின் நேர அட்டவணையையே பின்பற்றுதல் முறையாயிற்று. கேட்பவன் கேட்டதைத் தன் இடத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிஸ்டர், கேட்கும் முறையையே மாற்றிவிட்டது. 1954இல் முதல் திரான்சிஸ்டர்ப் பெட்டி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் யப்பானும் தனது பெட்டியை வெளியிட்டது. கனத்த பெற்றறிக்குப் பதிலாகக் கைவிளக்குப் பெற்றறிகள் போதுமாயின. பெட்டி திண்ணையை விட்டுக் களத்துமேட்டுக்கும் கடற்கரை வாடிக்கும் சென்றது. மத்திய அலைக்கான ஏரியல் பெட்டியினுள்ளேயே ஒரு கோலாக அமைந்தமையால், பெட்டியைத் திருப்பி வைத்தே ஒலியைக் கூட்டவும் இரைச்சலைக் குறைக்கவும் மக்கள் பழகினர். வானொலி 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் பெயர் பெற்றது. 1977இன் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோர் ஒலிநாடாப் பெட்டிகளைக் கொண்டுவந்தனர். 1982இல் ரூபவாகினி தோன்றியது.

இன்று ‘ரிசீவர்’ என்னும் சொல் கடைகளில் வேறொரு பெட்டியைக் குறிக்கின்றது. படத்தையும் ஒலியையும் ஏற்று, ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் ஆழ்ந்த ஒலிக்குரிய ஒன்றுக்குமாகப் பங்கிட்டு அனுப்பும் வீட்டரங்குக் கருவி அது. 1992இல் திரையரங்குகளுக்கு வந்த எண்ணியல் ஒலிமுறை பின்னர் வீடுகளுக்கு இறங்கியதன் பயன் இது. இதனைத் தெரிந்தெடுப்பதிலும் பழைய பாடமே செல்லும். பெட்டியின்மேல் எழுதிய வாற்றுக் கணக்கு பெரிதன்று. அறையின் அளவும், ஒலிபெருக்கியின் ஓம் அளவுக்குப் பெட்டி பொருந்துமா என்பதுமே பெரிது. முன்னுள்ள மூன்று ஒலிபெருக்கிகளும் இருப்போர் காதின் மட்டத்தில் இருத்தல் நன்று. சிவப்பு முனை சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் இணைதல் வேண்டும். மாறினால் ஆழ்ந்த ஒலி மெலியும். சீமெந்துச் சுவரும் ஓடு பதித்த தரையும் எதிரொலிக்கும் நம் வீடுகளில், ஒரு பாயும் கனத்த திரைச்சீலையும் செய்யும் நன்மையை விலையுயர்ந்த கருவி செய்யாது. பெட்டியின் மேல் வெப்பம் வெளியேற இடம் விடுதல், உப்பேறிய கம்பி முனைகளை வெட்டிப் புதுப்பித்தல், மின்னல் நாளில் இணைப்பைக் கழற்றுதல் ஆகியன தென்னையில் ஏரியல் கட்டியோர் அறிந்திருந்தவையே.

ஆயினும் ஒன்றைப் பெரிய பெட்டி செய்ய இயலாது. 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி கீழைக்கரையைத் தாக்கியது. அத்தகைய காற்றில் மின்கம்பங்கள் சாயும். கம்பிகள் சாய்ந்தபின் சுவர் மின்சாரத்தை நம்பிய எப்பெட்டியும் ஊமையாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள், சுமத்திராவின் அருகே கடலடி நிலம் நடுங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின் ஆழிப்பேரலை இக்கரையை அடைந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக்குடியும் அதன் அயலூர்களும் பேரிழப்புற்றன. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கரைக்கு எச்சரிக்கை எட்டவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பே அன்று இருக்கவில்லை. கேட்கப் பெட்டிகள் இருந்தன, சொல்வார் இல்லை. பின்னர் அவ்வமைப்பு உருவாயிற்று. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. 2012 ஏப்பிரல் 11ஆம் நாள் மீண்டும் சுமத்திராவருகே பெருநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை வெளிவந்தது. இலங்கைக் கரையோர மக்கள் உள்நோக்கிச் சென்றனர். பேரலை எழவில்லை எனினும், ஒலிபரப்பின் இரு கரைகளும் இணைந்தால் என்ன இயலும் என்பது அன்று விளங்கிற்று.

ஆதலின், வீட்டரங்கு அமைப்போர் அமைக்கட்டும். நல்லிசையும் தெளிந்த சொல்லும் கேட்பது நாகரிக வாழ்வின் இன்பமே. அதனோடு, பெற்றறியில் இயங்கும் சிறிய வானொலி ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் கடலோரக் குடும்பம் ஒவ்வொன்றின் கடமையாகும். மாதம் ஒருமுறை அதனை இயக்கிப் பார்ப்பதும், பயன்படுத்தாத நாளிற் பெற்றறியைக் கழற்றி வைப்பதும், நிலையம் எந்த எண்ணிற் கேட்கும் என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டிவைப்பதும் சிறு செயல்கள். பெரிய பெட்டிகள் பேசாத நாளில் இச்சிறு செயல்களே உயிர் காக்கும்.