ரைட் சகோதரர்களின் எஞ்சினும் அதன் சூடும்

பெட்ரோல் எஞ்சினுள் பிறக்கும் வெப்பத்தில் ஒரு பங்கே சக்தியாக மாறுகிறது. எஞ்சியதை வெளியே போக்கியாக வேண்டும். இல்லையேல் உருளைகள் காய்ந்து பிஸ்டன்கள் இறுகிவிடும். விமானம் பறக்கையில் எதிர்வரும் காற்று இவ்வேலைக்குத் துணை நிற்கிறது. எஞ்சினைத் தரையில் நிறுத்திச் சோதிக்கும்போதோ அத்துணை குறைந்துபோகிறது. ஆகவே, எஞ்சின் சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதைப் பட்டறையிலேயே கண்டறியலாம். மனிதன் விமானமேறிய வரலாற்றில் அத்தகைய சோதனை ஒன்றுக்குச் சிறப்பான இடமுண்டு.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும் 1902-ஆம் ஆண்டின் இறுதியில், 8 குதிரைச் சக்தி தரக்கூடிய இலேசான எஞ்சினை நாடிப் பல கம்பெனிகளுக்கு எழுதினார்கள். தக்கது கிடைக்கவில்லை. அவர்களுடைய கடைத் தொழிலாளியான சார்லி டெய்லர், ஒரு கடைசல் இயந்திரத்தையும் ஒரு துளையிடும் இயந்திரத்தையும் துணைக்கொண்டு ஆறே வாரங்களில் எஞ்சினைச் செய்து முடித்தார். நான்கு உருளைகள், அலுமினிய வார்ப்பாலான உடல். 1903 பிப்ரவரியில் அது முதலில் ஓடிற்று. மறுநாளே பேரிங்குகள் இறுகி, எஞ்சினின் உடல் உடைந்தது. புதிய வார்ப்பு வந்த பின், மே மாதத்தில் சோதனை தொடர்ந்தது.

நீரைச் செலுத்தப் பம்பு கிடையாது. விமானத்தின் செங்குத்துச் சட்டமொன்றில் பொருத்திய ரேடியேட்டரிலிருந்து நீர் தானே இறங்கி உருளைகளைச் சூழும். ஆனால், உருளைத் தலைப்பிலிருந்த வால்வுப் பெட்டிகளை அந்நீர் எட்டவில்லை. சிறிது நேரம் ஓடியதுமே அவை செக்கச் சிவந்து பழுத்தன. சூடேறிய காற்று விரிந்து இலேசாகும், உருளைக்குள் புகும் கலவையின் எடை குறையும், சக்தியும் குறையும்.

எஞ்சினுக்குச் சுமையாக விசிறி ஒன்றைப் பூட்டி, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, சகோதரர்கள் சக்தியைக் கணக்கிட்டார்கள். முதற் சில விநாடிகளில் 16 குதிரைச் சக்தி கிடைத்தது. ஒரு நிமிஷம் முடிவதற்குள் அது 12 ஆக இறங்கிற்று.

இவ்விரண்டு எண்களில் எதை நம்புவது? பெரிய எண்ணைப் பற்றிக்கொள்வது மனித இயல்பு. ரைட் சகோதரர்கள் சூடேறிய எஞ்சின் தந்த 12-ஐயே ஆதாரமாகக் கொண்டார்கள். அதுவே எதிர்பார்த்த எட்டைவிட அதிகம். ஆகையால், விமானியையும் சேர்த்து 550 ராத்தல் என முதலில் மதிப்பிட்டிருந்த எடையை 750 அல்லது 800 ராத்தல் வரை உயர்த்தலாம் எனத் துணிந்தார்கள். விமானத்தை உறுதியாக அமைக்க அது இடமளித்தது.

1903 டிசம்பர் 17 அன்று, வட கரோலினாவின் கில் டெவில் மணற்குன்றுகளருகே, எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓட்டிச் சூடேற்றிய பிறகே ஆர்வில் விமானத்தின் கட்டை விடுவித்தார். அதாவது, 16 என்ற எண் கழிந்துபோன பின்னரே விமானம் எழுந்தது. அப்பயணம் 12 விநாடி நீடித்தது. அன்றைய நான்காம் பயணத்தில் வில்பர் 59 விநாடி பறந்து 852 அடி தூரம் சென்றார்.

அதே அளவுள்ள எஞ்சின் தரவேண்டிய சக்தியில் பாதிகூடத் தங்களுக்குக் கிடைக்கவில்லை என ஆர்வில் பிற்காலத்தில் எழுதினார். குறையுள்ள எஞ்சின்தான், ஆயினும் அதன் உண்மையான அளவைத் தரையிலேயே அறிந்து, அவ்வளவுக்கேற்ப விமானத்தை அமைத்ததால் அது பறந்தது.