ஆவணப் பாதுகாப்பு: ஏடும் எண்ணிமக் கோப்பும் (யாழ்ப்பாணக் குடாநாடு)

1981 யூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் பலவற்றுக்கு வேறு படி எங்கும் இல்லை. ஈடுசெய்ய முடியாத இழப்பு அது. பின்னர் போரும் இடப்பெயர்வும் வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூர் உட்படக் குடாநாட்டு ஊர்களில் வீட்டுச் சேகரிப்புகளையும் சிதைத்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி, பிடிஎஃப் கோப்புகளாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

எந்தக் கோப்பு வடிவில் சேமிப்பது என்பதே இவ்வாறு வருடுவதில் முதன்மையான முடிவு. ஜேபெக் வடிவம் படத்தின் நுண்விவரங்களில் ஒரு பகுதியைக் கைவிட்டே அளவைக் குறைக்கிறது. திருத்தித் திருத்திச் சேமித்தால் தரம் மேலும் குன்றும். ஆகவே மூலப்படிக்கு இழப்பின்றிச் சேமிக்கும் டிஃப் ஏற்றது. வாசிப்போருக்குப் பிடிஎஃப் போதும். எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் பிடிஎஃப்/ஏ, நீண்டகாலப் பாதுகாப்புக்கென 2005இல் ஐஎஸ்ஓ தரமானது.

தமிழுக்கு எழுத்துக் குறியாக்கமும் ஒரு சிக்கல். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களை டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்ற நேர்ந்தது.

ஓலையைக் கறையானும் ஈரமும் அரிக்கும். ஆயினும் பேணினால் நூற்றாண்டுகள் நிற்கும். வன்தட்டோ சில ஆண்டுகளிலேயே முன்னறிவிப்பின்றிப் பழுதாகலாம். எனவே வருடியபின் மூலத்தை எறிவது பெருந்தவறு. மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்றேனும் வேறூரில் என்பது ஆவணக்காப்பாளர் பின்பற்றும் நடைமுறை.